ஆய்வுக்கூடத்திலிருந்து வாயிற்படி வரை

ஒரு மொழியில் எழுதப்பட்டதை மற்றொரு மொழியினர் படித்துப் பயன்பெறும்படி செய்வது நமது தொழில். மத்திய அரசாங்க அலுவலகங்களில் இப்பணி புரிவோர் யாவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. மூலம் எவ்வளவு சிறந்ததாயினும், அது படிப்பவரிடம் போய்ச் சேராவிட்டால் உழைத்த உழைப்பெல்லாம் கோப்புக்குள்ளேயே உறங்கிவிடும். மருத்துவ உலகிலும் இதனையொத்த துறை ஒன்று இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த உண்மையை நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்து பயன்படச் செய்யும் ஆராய்ச்சிக்கு, ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பைக் குறிக்கும் சொல்லையே அடிப்படையாகக் கொண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் அதனைக் கொண்டுசேர்க்கும் ஆராய்ச்சி என்று சொல்லலாம்.

இவ்வகை ஆராய்ச்சியை எந்த ஒரு நிலையமும் தனித்து நின்று முடித்துவிட இயலாது. ஒருவர் கண்டதை மற்றொருவர் சோதிக்க வேண்டும். சோதித்ததை மூன்றாமவர் ஊருக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். அமைத்ததை நான்காமவர் வீடுதோறும் சேர்க்க வேண்டும். இடையில் பணம் குறையலாம், ஆட்கள் மாறலாம், புதிய நோய் ஒன்று குறுக்கிடலாம். அப்போதும் சங்கிலி அறாமல் இருத்தல் வேண்டும். இந்தக் கூட்டுறவும் இந்த உறுதியும் எவ்வாறு அமைகின்றன என்பதைக் காட்ட, வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. நமது சென்னையிலேயே ஒன்று இருக்கிறது. அச்சங்கிலி எங்கே அறுந்தது என்பதற்கும் உதாரணம் தொலைவில் இல்லை. நாம் வாழும் மும்பையில், தாராவியில் இருக்கிறது. இரண்டும் ஒரே நோயைப் பற்றியவை. அது காசநோய்.

உல்லாஸ்நகரிலும், தாராவியிலும், மாட்டுங்காவிலும், செம்பூரிலும் வாழும் தமிழர்களுக்கு இந்நோயின் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நெருக்கமான வீடுகள், காற்றோட்டமில்லாத பட்டறைகள், மூச்சுவிடவும் இடமில்லாத உள்ளூர் ரயில் பெட்டிகள் ஆகியவற்றுக்கிடையே வாழ்பவர்கள் நாம். நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமி, பக்கத்தில் நிற்பவர் எந்த மாநிலத்தவர் என்று கேட்பதில்லை.

இனிச் சென்னைக் கதையைப் பார்ப்போம்.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதிவரை காசநோய்க்குச் சிகிச்சை என்றால் சானடோரியம் என்றே பொருள். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி, மாதக்கணக்கில் படுக்கை ஆகியவையே வைத்தியம். 1928ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியத்தின் பெயர் அங்குள்ள ரயில் நிலையத்துக்கே பெயராகிவிட்டதை நாம் அறிவோம். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும், பாஸ் என்னும் மருந்தும், 1952இல் ஐசோனயசிடும் வந்தன. முதன்முறையாகக் கிருமியையே கொல்லும் ஆற்றல் மருத்துவர் கைக்கு வந்தது. ஆயினும் நம் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. படுக்கை கிடைக்காதவர் கதி என்ன? குடிசையில் இருந்துகொண்டே மருந்து சாப்பிட்டால் குணமாகுமா? அரைவயிறு உண்பவருக்கு மருந்து வேலை செய்யுமா? அவருடன் உறங்கும் பிள்ளைகளுக்கு நோய் தொற்றாதா? இக்கேள்விகளுக்கு அப்போது எவரிடமும் விடையில்லை.

விடை காண்பதற்காக 1956ஆம் ஆண்டில் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் தொடக்கத்தில் அதற்குத் தலைமை வகித்தார். சுதந்திரம் பெற்றுப் பத்தாண்டும் நிறையாத நாடு, முன்னாள் ஆட்சியாளரின் நாட்டு விஞ்ஞானிகளுடன் சமமாக அமர்ந்து செய்த வேலை அது.

அவர்கள் மேற்கொண்ட முறை எளியது, ஆனால் கண்டிப்பானது. சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். யார் சானடோரியத்துக்குப் போவது, யார் வீட்டில் இருப்பது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கோ நோயாளியின் செல்வாக்குக்கோ விடவில்லை. குலுக்கல் போன்ற முறையால் தீர்மானித்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்துதான். ஐசோனயசிடும் பாஸும் ஓராண்டுக் காலம் கொடுக்கப்பட்டன. வீட்டில் இருந்தவர்கள் நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்றார்கள். அவர்கள் உண்மையிலேயே சாப்பிடுகிறார்களா என்று அறிய, சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவருக்கு, இது வீட்டு நோயாளியின் படமா, சானடோரியத்து நோயாளியின் படமா என்பது தெரிவிக்கப்படவில்லை. வேண்டியவர் வேண்டாதவர் என்ற எண்ணம் முடிவைக் கோணலாக்கிவிடக் கூடாதன்றோ!

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி இதழில் முடிவு வெளிவந்தது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தார் நல்ல உணவு உண்டு, ஓய்வெடுத்து, எடையும் மிகுதியாகக் கூடினார்கள். வீட்டிலிருந்தவர்களோ எளிய உணவுடன், பலர் வேலையும் செய்துகொண்டே, ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். அவர்களுடன் வாழ்ந்த குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்ததில், வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்ததனால் தொற்று குறிப்பிடத்தக்க அளவில் மிகவில்லை என்பதும் புலப்பட்டது. குடும்பத்துக்கு வரும் ஆபத்தில் பெரும்பகுதி, நோய் இன்னதென்று தெரிந்து மருந்து தொடங்குவதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது.

இந்த முடிவின் பயனை நாம் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். ஒரு குடும்பத்தின் சம்பாத்தியக்காரரை ஓராண்டு சானடோரியத்தில் அடைத்து வைத்தால், அவர் பிழைத்து வரும்போது குடும்பம் பிழைத்திருக்குமா? வீட்டிலிருந்தே குணமாகலாம் என்ற செய்தி, கோடிக்கணக்கான ஏழைகளுக்கு வழி திறந்தது. இந்தியாவுக்கு மட்டுமன்று, பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்குச் சென்னை ஆய்வும் ஒரு காரணமாயிற்று.

ஆனால் இதழில் அச்சேறிய முடிவு ஊருக்குத் தானாகப் போய்விடுவதில்லை. அதற்கு அடுத்த கை தேவைப்பட்டது. பெங்களூரில் 1959இல் நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிலையம் அப்பணியை ஏற்றது. கிராமத்து மக்கள் நோயைப் பற்றி அறியாமல் இருக்கிறார்கள், நாம்தான் வீடுவீடாகச் சென்று அவர்களைத் தேட வேண்டும் என்று அக்காலத்தில் பலர் எண்ணினர். அந்நிலையத்தைச் சேர்ந்த பானர்ஜி, ஆண்டர்சன் ஆகிய இருவரும் 1963இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் தம் உடல்நிலை சரியில்லை என்று உணர்ந்து, தாமாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்துதான்! சளியைச் சோதித்துப் பார்க்கவில்லை. குறை மக்களிடம் இல்லை, ஏற்பாட்டில்தான் இருந்தது. ஆகவே மாவட்டந்தோறும் சாதாரண ஆஸ்பத்திரிகளிலேயே சளிச் சோதனையும் மருந்தும் கிடைக்கும்படி தேசியத் திட்டம் வகுக்கப்பட்டது.

சென்னை நிலையமும் அத்துடன் நின்றுவிடவில்லை. ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கிய அது, வெளிநாட்டு நிபுணர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுச் சென்ற பின்னரும், நம் நாட்டு மருத்துவர்களையும், ஆய்வுக்கூடப் பணியாளர்களையும், வீடுதேடிச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களையும் கொண்டு நிலைத்து நின்றது. வாரத்துக்கு இருமுறை, பணியாளரின் கண்முன்னே மருந்து கொடுத்தால், தினந்தோறும் தனியே சாப்பிடுவதற்குக் குறையாத பலன் உண்டு என்று 1964இல் அது காட்டியது. பிற்காலத்தில் உலகமெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்பு முறைக்கு இது முன்னோடி எனலாம். கிழக்கு ஆப்பிரிக்கா, ஹாங்காங், சிங்கப்பூர், சென்னை ஆகிய இடங்களிலிருந்த ஆய்வாளர்கள் ஒருவர் கண்டதை மற்றவர் எடுத்துக்கொண்டு மேலும் சோதித்தனர். ஓராண்டும் அதற்கு மேலும் நீண்டிருந்த சிகிச்சை, ரிபாம்பிசின் என்னும் மருந்தின் துணையால் ஆறு மாதமாகக் குறைந்தது. ஒரே ஊரில் முடிந்த காரியமன்று அது. கடல் கடந்து கைமாறிக் கைமாறி முற்றிய காரியம். அன்று சேத்துப்பட்டில் தொடங்கிய நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கிவருகிறது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம்.

சரியான மருந்து இன்னது, சரியான காலம் இவ்வளவு என்பதெல்லாம் 1980களுக்குள் தெளிவாகிவிட்டது. அத்தெளிவு தாராவிக்கு வந்து சேர்ந்ததா? 1991இல் வெளியான ஓர் ஆய்வு, தாராவிப் பகுதியில் தொழில் செய்த நூறுபேர் அளவிலான தனியார் மருத்துவர்களைக் கேட்டது. காசநோய்க்கு அவர்கள் எழுதிய மருந்து முறைகள் 80 வகை! இருபதாண்டுகள் கழித்து மும்பை ஹிந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள் அதே பகுதியில் மறுபடியும் ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டனர். 106 மருத்துவர்கள் எழுதியவை 63 வகை. சரியான சீட்டு எழுதியவர்கள் 6 பேர் மட்டுமே.

இதன் விளைவு யாருடைய தலையில் விழுந்தது? அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாது. அதற்குப் பயிற்சி கொடுக்கும். பலவீனமான கிருமிகள் மடிய, மருந்தைத் தாங்கும் கிருமிகள் மிஞ்சிப் பெருகும். பிறகு அவையே பக்கத்து வீட்டாருக்கும் தொற்றும். 2011 டிசம்பரில் அதே ஹிந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள், தாம் சோதித்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமியுடைய நான்கு நோயாளிகளைப் பற்றி உலகுக்கு அறிவித்தபோது பெரும் பரபரப்பு உண்டாயிற்று. அவர்கள் பயன்படுத்திய பெயர் சரியா என்பது பற்றி வாதமும் எழுந்தது. பெயர் எதுவாயினும் நோயாளி பட்ட துன்பம் ஒன்றே. சேத்துப்பட்டில் கண்ட உண்மை தாராவிச் சந்துக்குள் நுழையும்போது சிதைந்துவிட்டது என்பதே இதன் பொருள். மூலம் பிழையற்றது, வழியில்தான் பிழை புகுந்தது.

பிழை கண்ட இடத்தில் திருத்தமும் தொடங்கியது. 2014 முதல் மும்பையில் தனியார் மருத்துவர்களைப் பகைக்காமல், அரசாங்கத் திட்டத்துடன் அவர்களை இணைத்து, அவர்களிடம் வரும் நோயாளிக்கும் இலவசச் சோதனையும் மருந்தும் கிடைக்கச் செய்யும் முயற்சி நடைபெற்றது. சென்னை நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில், நாட்டின் பல நகரங்களிலுள்ள மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து, மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத கடுமையான காசநோய்க்குப் புதிய மருந்துகளைச் சோதித்தன. மும்பையும் அவற்றுள் ஒன்று. 165 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ ஆறு மாதச் சிகிச்சையின் முடிவில், மதிப்பிடப்பட்டவர்களில் நூற்றுக்கு 91 பேருக்கு நற்பலன் கிடைத்ததாக 2022இல் அறிவிக்கப்பட்டது. முன்பெல்லாம் இத்தகைய நோயாளிகள் மாதக்கணக்கில் ஊசியும், இருபது மாதம் வரை மாத்திரையும் எடுத்துக்கொண்டு, காது மந்தமாகி, மனம் சோர்ந்து போவார்கள். 2024இல் இந்திய அரசாங்கம் இத்தகைய நோய்க்கு நான்கு மருந்துகள் கொண்ட ஆறு மாதப் புதிய முறைக்கும் அனுமதி அளித்திருக்கிறது.

இதற்கிடையே, இக்கூட்டுறவின் உறுதியைச் சோதிப்பது போல 2020இல் கொரோனாத் தொற்று வந்தது. காசநோய்க் கிருமியைக் கண்டறியும் கருவிகள் கொரோனாச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. பணியாளர்களும் அங்கே திருப்பப்பட்டனர். ரயில் நின்றது, பேருந்து நின்றது. நம்மவர் பலர் ஊர் திரும்பினர். 2019இல் நாட்டில் பதிவான காசநோயாளிகள் 24 லட்சம் பேர். 2020இல் 18 லட்சம் பேர்தாம். நோய் குறைந்ததனால் வந்த குறைவன்று இது. பதிவாகாத 6 லட்சம் பேரும் எங்கோ இருமிக்கொண்டிருந்தார்கள். எனினும் 2022இல் பதிவு மீண்டும் 24 லட்சத்தைக் கடந்தது. ஒரு கருவியை இரு நோய்க்கும் பயன்படுத்தக் கற்றது, வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுத்தது, தொலைபேசியில் விசாரித்தது ஆகியவையெல்லாம் அந்தச் சோதனைக் காலம் கற்பித்த பாடங்கள்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல உணவு இல்லாவிட்டாலும் மருந்து வேலை செய்யும் என்று 1959இல் சென்னை சொன்னது. அதைக் கொண்டு, உணவே முக்கியமன்று என்று எண்ணிவிடலாகாது. சென்னை நிறுவனம் பங்குகொண்டு ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேரை அது கவனித்தது. நோயாளிகள் யாவருக்கும் உணவுப்பொருள் வழங்கப்பட்டது. ஒரு சாரார் வீடுகளில் மட்டும் குடும்பத்தினருக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும், ஒன்றரைக் கிலோ பருப்பும், சத்து மாத்திரையும் கொடுக்கப்பட்டன. அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. நோயாளி குணமாக மருந்து; குடும்பம் நோயடையாமல் இருக்கச் சோறு. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் இந்த முழு உண்மை விளங்குகிறது. நோயாளியின் உணவுக்காக அரசாங்கம் 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. இதனைக் கேட்டுப் பெறுவது பிச்சையன்று, உரிமை.

இதுவரை நிலையங்களைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றி.

வேற்று மாநிலத்தில் வாழும் தமிழர்களிடத்தில் இந்தச் சங்கிலி மிக எளிதாக அறும். காரணங்களை நாம் அறிவோம். மருந்துச் சீட்டும் அறிவிப்பும் மராத்தியிலோ ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன. ஊரிலிருந்து வந்த தாயாருக்கு அவற்றைப் படிக்க இயலாது. இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டதும் இருமல் நிற்கிறது, காய்ச்சல் தணிகிறது. குணமாகிவிட்டது என்று எண்ணிப் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர், மருந்தை எடுத்துச் செல்வதில்லை. அங்கே கோயில் கொடை, கல்யாணம், நிலத் தகராறு என்று நாள் நீள்கிறது. திரும்பி வரும்போது முறை கெட்டிருக்கிறது. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தாலோ, நோயின் பெயரே வெளியில் வரக்கூடாதென்று மறைத்து விடுகிறார்கள். மறைப்பதனால் நோய் மறைவதில்லை. மறைக்கும் வீட்டிலேயே அது பெருகுகிறது.

ஆகவே நேயர்கள் சில செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், மாலைக் காய்ச்சல் வந்தால், உடல் மெலிந்தால், இருமல் மருந்துப் புட்டியோடு நிற்காமல் சளிச் சோதனை செய்துகொள்ளுங்கள். அரசாங்க மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். நோயாளியின் பெயர் நிக்ஷய் என்னும் தேசியப் பதிவேட்டில் ஏறும்போது ஓர் எண் தருவார்கள். அந்த எண்ணைக் குடும்ப அட்டையைப் போலப் பாதுகாத்து வையுங்கள். உல்லாஸ்நகரில் தொடங்கிய சிகிச்சையைத் திருநெல்வேலியில் தொடர அதுவே வழி. ஊருக்குப் புறப்படுவதற்கு முன்பே மருந்து கொடுக்கும் நிலையத்தில் சொல்லி, வேண்டிய மருந்தையும் மாற்றல் குறிப்பையும் பெற்றுக்கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம். வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால், குழந்தைகள் உட்பட மற்ற அனைவரையும் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

மராத்தியும் ஹிந்தியும் படித்தறிந்தவர்கள் இன்னும் ஒன்று செய்யலாம். பக்கத்து வீட்டுப் பெரியவருடன் ஒருநாள் மருத்துவமனைக்குப் போய், மருத்துவர் சொல்வதை அவருக்குத் தமிழில் சொல்லுங்கள். எந்த மாத்திரை, எப்போது, எத்தனை மாதம் என்பதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழிதிச் சுவரில் ஒட்டிக் கொடுங்கள். சிறுநீர் சிவந்த நிறமாகப் போனால் அஞ்ச வேண்டாம், அது ரிபாம்பிசினின் நிறம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இதனைச் சொல்லாததனால் இரத்தம் போகிறதென்று பயந்து மருந்தை நிறுத்துவோரும் உண்டு. நமது தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவின்போது இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அது மொழிக்கும் செய்யும் தொண்டாகும்.

நாம் வாழும் இந்த உல்லாஸ்நகர், போர்க்காலப் படை முகாமாக இருந்த இடம். தேசப் பிரிவினையில் வீடிழந்த சிந்தி மக்கள் அம்முகாமில் குடியேறினர். 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி அவர்கள் இந்நகருக்கு அடிக்கல் நாட்டினார். அகதிகளின் கூடாரம் தொழில் நகராக வளர்ந்ததற்குக் காரணம், வந்தவர்கள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் தொழிலைக் கைமாற்றிக் கற்பித்துக்கொண்டதே. மருத்துவ ஆராய்ச்சியும் அப்படித்தான் நிலைக்கிறது. சென்னை கண்டறிந்தது, லண்டனும் ஜெனீவாவும் துணை நின்றன, பெங்களூர் ஊருக்கேற்ப அமைத்தது, மும்பை தன் பிழையைத் தானே ஆராய்ந்து வெளியிட்டது. கடைசிக் கண்ணி மட்டும் எந்த நிறுவனத்தின் கையிலும் இல்லை. அது ஆறாவது மாதத்தின் கடைசி மாத்திரையை விழுங்கும் நோயாளியின் கையிலும், அதுவரை அவருக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கும் நம் கையிலுமே இருக்கிறது.